யாழ்ப்பாணக் கோட்டை: பின்னேரம் மதிலில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: கோட்டைக்குப் போகலாமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பார்க்க ஏதாவது இருக்கா? ஏற்கெனவே போய் வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கல்லும் புல்லும்தான், வெயில் வேறு" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இதைக் கேட்டால் மனம் பொறுக்காது. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பின்னேரம் ஐந்து மணிக்குப் போய், நேரே மதிலில் ஏறி, பண்ணைக் கடலில் சூரியன் இறங்குவதைப் படம் எடுத்துவிட்டு இறங்கி வந்தவர்கள். சூரியன் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைப் பார்ப்பதற்குக் கோட்டை தேவையில்லை, பண்ணைப் பாலத்தில் நின்றாலே போதும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். இது சண்டைக்காக மட்டும் கட்டிய இடம் இல்லை. இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக யாழ்ப்பாணத்தை ஆண்ட அரசாங்கத்தின் கந்தோர், அதாவது அலுவலகம், இதுதான். வரி, காணிப் பதிவு, வழக்கு, சிறை, தேவாலயம், பெரிய துரையின் மாளிகை எல்லாம் இந்த ஐந்து மூலை மதிலுக்குள்தான் இருந்தன. அப்படி நினைத்துக்கொண்டு உள்ளே போனால் ஒவ்வொரு இடிபாடும் எது எதற்காக இருந்தது என்று தேடத் தொடங்குவீர்கள்.

சரி, போகும் வழி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், புகையிரத நிலையத்திலிருந்து என்றால் ஓட்டோ பிடியுங்கள், ஏறுவதற்கு முன்னமே காசைப் பேசிவிடுங்கள். காலையில் திறந்தவுடன் போவதுதான் புத்தி. ஒன்பதரை மணிக்குப் பிறகு உள்ளே நிழல் என்று சொல்ல அதிகம் இல்லை, நல்லூர்த் திருவிழாக் காலத்து வெயில் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தை, மாசியில் வருபவர்களுக்கு அந்தக் கவலை குறைவு, காற்றும் நன்றாக வரும். கார்த்திகை, மார்கழி மாரியில் உள்ளே வெள்ளம் தேங்கும், மதிலில் ஏறும் சரிவுகள் வழுக்கும். செருப்பை விட சப்பாத்து நல்லது. தொப்பி, ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், இவை இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு நுழைவுச்சீட்டு உண்டு, விலை அவ்வப்போது மாறுவதால் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் சொந்தக்காரர்களில் இரண்டொருவர் "நான் யாழ்ப்பாணத்திலேயே பிறந்தவன், எனக்கு எதற்கு டிக்கெட்" என்று வாசலில் நின்று வாதாடுவார்கள். தயவுசெய்து அந்தக் கதவுக்காரப் பிள்ளையோடு சண்டை பிடிக்காதீர்கள், அவர் வைத்த சட்டமில்லை அது.

கோட்டைக்கு வெளியே இருக்கும் முற்றவெளித் திடல் பக்கமிருந்து வரும்போது முதலில் அகழி. அதைத் தாண்டினால் வெளிக்கட்டு, அதாவது மதிலுக்கு வெளியே கட்டிய காவல் அரண், பிறகு உள்வாசல். வாசல் நேராக இல்லை, வளைந்து திரும்பித்தான் உள்ளே போகும். வெளியிலிருந்து பீரங்கிக் குண்டு நேரே உள்ளே போகக்கூடாது என்பதற்காகச் செய்தது அது. உள்வாசலின் மேலே 1680 என்று ஆண்டு பொறித்திருக்கிறார்கள், அண்ணாந்து பார்க்காமல் கடந்துவிடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். வளைவுக்குள் நுழைந்ததும் வெயில் சட்டென்று விட்டுவிடும், அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

நின்று, சுவரைத் தொட்டுப் பாருங்கள். இதைத்தான் நான் கூட்டிக்கொண்டு போகிற எல்லோரையும் செய்ய வைப்பேன். கருங்கல் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள், யாழ்ப்பாணத்தில் கருங்கல் எங்கே இருக்கிறது? இது கடலில் விளைந்த முருகைக்கல். கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் கல் முழுக்கத் தேன்கூட்டைப் போலக் கண் கண்ணாக இருக்கும், ஒவ்வொரு கண்ணிலும் ஒரு காலத்தில் சின்ன உயிரொன்று இருந்தது. இடையில் பூசிய சுண்ணாம்புச் சாந்தில் சிப்பித் துண்டுகள் அப்படியே தெரியும், விரலால் தடவினால் விளிம்பு உரசும். சில கற்களில் கண்கள் பெரிதாக இருக்கும், சிலவற்றில் ஊசி முனை அளவு, பக்கத்துப் பக்கத்துக் கற்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. என்னோடு வந்த பிள்ளைகளை இந்தச் சுவரை விட்டு இழுத்துக்கொண்டு போவதே பெரிய பாடு. பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு விஞ்ஞானப் பாடம் இந்த வாசலிலேயே இருக்கிறது, சுண்ணாம்புக் கல்லும் கடலும் சேர்ந்த குடாநாடு இது என்று வாயால் விளங்கப்படுத்துவதை விட இந்தக் கல்லைத் தொட வைத்தால் போதும்.

இனி உள்ளே. உள்ளே போகும் முன் கொஞ்சம் சரித்திரம் தெரிந்துகொண்டு போவது நல்லது, ஏனென்றால் அங்கே இருக்கும் பலகைகள் போதாது.

யாழ்ப்பாண இராச்சியத்தின் தலைநகரம் நல்லூர். 1619 இல் பிலிப் டி ஒலிவேரா தலைமையில் போர்த்துக்கேயர் அதைப் பிடித்து, சங்கிலி மன்னனைக் கைதியாக்கிக் கொண்டுபோனார்கள். பிறகு நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள், ஆட்சியை நல்லூரிலிருந்து கடற்கரைப் பக்கம் கொண்டுவந்து கோட்டை கட்டினார்கள். இடித்த கோயிலின் கற்கள் இந்தக் கோட்டைக்குள் போயின என்று எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். திருவிழாவுக்கு வந்தவர்கள் காலையில் பூசை பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் இந்த இரண்டு இடங்களும் எப்படி ஒரே கதைக்குள் வருகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

1658 இல் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கேயர் கட்டியது நாலு மூலைக் கோட்டை. ஒல்லாந்தர் அதை மாற்றி, நாங்கள் இன்று பார்க்கும் ஐந்து மூலைக் கோட்டையாகக் கட்டினார்கள். மூலைகளில் துருத்திக்கொண்டு நிற்கும் ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் ஊர் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள்: சீலாந்து, ஹொலண்ட், கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிரீஸ்லாந்து. வெளிக்கட்டு வேலை முடிய 1792 ஆகிவிட்டது. முடித்து மூன்று வருடத்தில், 1795 இல், ஆங்கிலேயர் வந்தபோது சண்டையே இல்லாமல் ஒப்படைத்துவிட்டார்கள். எத்தனை ஆயிரம் பேருடைய உழைப்பு! ஒல்லாந்தர் காலத்தில் ஊழியம் என்ற கட்டாய வேலை இருந்தது, இத்தனை நாள் அரசாங்கத்துக்கு வேலை செய், முடியாவிட்டால் பணம் கட்டு என்று. தலைவரி தனி. யானை, சங்கு, சாயவேர், பனைமரம் எல்லாம் இங்கிருந்து கப்பலேறின. காணிகளைத் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்து கணக்கு வைத்தார்கள். இந்தக் கணக்கு வழக்கு எல்லாவற்றுக்கும் தலைமையிடம் இந்த மதிலுக்குள்தான் இருந்தது.

எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப்படுவது தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை பற்றிய வழக்கச் சட்டம். ஊரில் காணி விற்கவோ வாங்கவோ வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்: பங்காளிக்கு முதலில் சொல்ல வேண்டும், மனைவியின் பெயரிலுள்ள காணிக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) என்று சொத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த வழக்கங்களைத் தொகுத்து எழுதியவர் யாழ்ப்பாணத்தில் திசாவையாக (மாவட்ட நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்தர். ஆளுநர் சைமன்ஸ் கேட்டதற்காக எழுதினார், அப்போது அவர் இங்கே முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்திருந்தார். எழுதியதை யான் பிருஸ் என்பவர் தமிழில் பெயர்க்க, ஊர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் அதை வாசித்துப் பார்த்துச் சரியென்று ஒப்புக்கொண்ட பிறகு 1707 இல் சட்டமானது. முந்நூறு வருடத்துக்கு முந்திய அந்தச் சட்டத்தை வைத்து இன்றும் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் வழக்குப் பேசுகிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணனும் சுண்டுக்குளியில் இருக்கும் தங்கையும் காணிக்காக அலைகிற அலைச்சலுக்கும் இந்தக் கோட்டையில் இருந்த ஆட்சிக்கும் இப்படி ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. கோட்டையில் "ஒன்றுமில்லை" என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதே காலத்தில், 1706 இல், உள்ளே ஒரு தேவாலயம் கட்டினார்கள். சிலுவை வடிவத்தில், நாலு கையும் ஒரே நீளம், நடுவில் உயர்ந்த கூரை. பழைய புகைப்படங்களில் பார்த்தால் எத்தனை பெரிய கட்டடம் என்று தெரியும். இப்போது போனால் முருகைக்கல் குவியல்தான், அங்கங்கே சுவரின் அடி, வளைவின் ஒரு துண்டு. 1990 இல் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டையில் அது போய்விட்டது. கோட்டைக்குள் இராணுவம், வெளியே புலிகள், பல மாத முற்றுகை. செப்டெம்பரில் இராணுவம் விட்டு வெளியேறியது, பிறகு 1995 இல் யாழ்ப்பாணத்தோடு சேர்த்துக் கோட்டையும் திரும்ப இராணுவத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்னமே எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து கோட்டையிலிருந்து ஷெல் வந்து விழுந்த பட்டணம் இது. எங்கள் அம்மா இன்றுவரை உள்ளே வந்ததில்லை. கூட்டிக்கொண்டு போனால் வெளியே முனியப்பர் கோயிலில் இருந்துகொண்டு "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கோ" என்பார். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகத் திட்டமிடுகிறவர்கள் இதை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், வந்தால் அவசரப்படுத்த வேண்டாம். பலகையில் இல்லாத கதையை அவர்கள் சொல்வார்கள்.

தேவாலயக் குவியலுக்கு மேலே ஏறிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கற்கள் ஆடுகின்றன, கால் இடறினால் முழங்கால் போகும். அதைவிட முக்கியம், மனிதர்களைப் புதைத்த இடம் அது. தள்ளி நின்று பாருங்கள்.

தளபதியும் பின்னாளில் ஆளுநர்களும் தங்கிய மாளிகையின் மிச்சமும் உள்ளே இருக்கிறது, உடைந்த சுவர்களும் தூண்களும். சிறைக் கூடங்களும் தூக்குமரம் நின்ற இடமும் தனியே. ஆங்கிலேயர் காலத்திலும் கோட்டைக்குள் சிறை இருந்தது. சின்னப் பிள்ளைகள் "இது என்ன" என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்று முன்னமே யோசித்துக்கொண்டு போங்கள். நான் மறைப்பதில்லை. அரசாங்கம் இருந்த இடம் என்றால் தண்டனையும் அங்கேதான் இருந்தது என்று சொல்லிவிடுவேன், அவர்களுக்கு அது விளங்குகிறது.

போர் முடிந்த பிறகு நெதர்லாந்து அரசின் உதவியோடு மதில்களைத் திருத்தத் தொடங்கினார்கள். புதிதாகக் கட்டிய பகுதி எது, பழையது எது என்று கண்ணுக்கு ஓரளவு தெரியும், மேலே மதிலில் நடக்கும்போது நிறம் மாறுவதைக் கவனியுங்கள். இதோடு சேர்ந்து நடந்த இன்னொரு வேலைதான் எனக்குப் பெரிய சந்தோஷம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் சேர்ந்து கோட்டைக்குள் தோண்டிப் பார்த்ததில், போர்த்துக்கேயர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்னமே இங்கே கடல் வணிகம் நடந்த குடியிருப்பு இருந்தது தெரியவந்தது. சீன மட்பாண்ட ஓடுகள், தென்னிந்தியாவோடும் மேற்கு ஆசியாவோடும் தொடர்பைக் காட்டும் ஓடுகள் எல்லாம் கிடைத்தன. அதாவது கோட்டை வெற்று நிலத்தில் எழும்பவில்லை, ஏற்கெனவே உயிரோடு இருந்த துறையின் மேல்தான் ஒலிவேரா வந்து உட்கார்ந்தார். வாசல் பக்கத்தில் சின்னக் காட்சிக்கூடம் மாதிரி வைத்திருப்பதை அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இப்போது அந்தக் குறைத்த ஒரு புள்ளி. முதலாவது, விளக்கம் போதாது. பெரிய பலகை ஒன்றிரண்டு இருக்கிறது, ஆனால் ஒரு இடிபாட்டின் முன் நிற்கும்போது இது என்ன கட்டடம், எப்போது கட்டியது, எப்போது விழுந்தது என்று அங்கேயே சொல்ல வேண்டாமா? தேசவழமையைப் பற்றி ஒரு வரி எழுதி வைத்தாலே எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் நின்று வாசிப்பார்கள். இரண்டாவது, வழிகாட்டி. வாசலில் ஒருவர் எங்களோடு சேர்ந்துகொண்டு, கோட்டையிலிருந்து நல்லூர் வரைக்கும் சுரங்கம் இருக்கிறது, அதில் குதிரை ஓடியது என்று சொல்லிக்கொண்டே வந்தார், ஆதாரம் கேட்டால் சிரித்தார். பிள்ளைகள் அதையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். காசு கொடுப்பதற்கு முன் அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள், ஐந்து கொத்தளங்களின் பெயரைச் சொல்லத் தெரியாதவர் என்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது, மதில். பல இடங்களில் கைபிடி கிடையாது, வெளிப்பக்கம் நல்ல உயரம். சின்னப் பிள்ளையின் கையை விடக்கூடாது, பட்டம் ஏற்றும் பருவத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பின்னால் நடக்கும் பெடியளைப் பார்த்தால் நெஞ்சு பதறும். நிழலில் இருந்து இளைப்பாற நாலு வாங்கு போட்டால் வயதானவர்களுக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்.

இன்னொன்று, இது கோட்டையின் குறை இல்லை, எங்களுடையது. முருகைக்கல் மென்மையான கல், திறப்பால் கீறினாலே விழும். அதனால் மதில் முழுக்கப் பெயர்கள், இதயங்கள், பாடசாலைப் பெயரும் ஆண்டும். முந்நூறு வருடம் கடல் காற்றையும் ஷெல்லையும் தாங்கிய கல்லை இப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பிள்ளை கீறுவதைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

எவ்வளவு நேரம் வேண்டும் என்றால், குறைந்தது இரண்டு மணித்தியாலம். மதிலைச் சுற்றி முதலில் நடந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள். அப்புறம் இறங்கி உள்ளே இருப்பவற்றைப் பாருங்கள். வெளியே வந்ததும் முற்றவெளியில், 1974 தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் இறந்தவர்களின் நினைவிடம் இருக்கிறது, அதில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். அங்கிருந்து பொதுசன நூலகம் எட்டி நடக்கும் தூரம்தான். 1959 இல் திறந்தது, 1981 இல் எரித்தார்கள், 97,000 நூல்கள் போயின, திருப்பிக் கட்டியதைத்தான் இப்போது பார்க்கிறோம். அது இன்றும் வேலை செய்யும் நூலகம், உள்ளே படித்துக்கொண்டிருப்பார்கள், பார்வையாளர்களை எந்த நேரத்தில் விடுகிறார்கள் என்று வாசலில் கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, போனைச் சத்தம் இல்லாமல் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

ஒரே நாளில் இன்னும் நேரம் இருந்தால் கண்டி வீதியில் பழைய கச்சேரிக்கும், அதாவது பழைய அரசாங்க நிர்வாக அலுவலகத்துக்கும், போங்கள். கோட்டைக்குள் இருந்த அரசாங்கம் ஆங்கிலேயர் காலத்தில் எங்கே போனது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது. 1829 இலிருந்து 1867 வரை யாழ்ப்பாணத்தை நிர்வகித்த டைக் துரை உண்டாக்கிய பழைய பூங்காவும் அதோடு சேர்ந்ததுதான், பெரிய மரங்கள், நல்ல நிழல், மத்தியானச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளலாம். கச்சேரிக் கட்டடத்துக்குள் மட்டும் இறங்க வேண்டாம், சுவர்கள் நம்பக்கூடிய நிலையில் இல்லை, வெளியில் நின்றே பாருங்கள். ஓட்டோக்காரரிடம் "பழைய கச்சேரி" என்று தெளிவாகச் சொல்லுங்கள், வெறுமனே கச்சேரி என்றால் புதிய மாவட்டச் செயலகத்து வாசலில் இறக்கிவிடுவார்.